ஊட்டிப் பனிக்கு ஒரு பழைய கிளாசிக்: ஹீட்டர் பேடும் ரெக்சின் உறையும்

பைக் ஹேண்டிலின் கிரிப்புக்கு அடியில் கையைச் சூடாக்கும் ஹீட்டர் பேட் வைத்ததற்கு ஆன செலவு 1,670 ரூபாய். பிவிசி குழாயை வெட்டி வளைத்து, அதன் மேல் கையை மூடும் ரெக்சின் உறை தைத்துப் போட்டதற்கு 1,010 ரூபாய். இரண்டில் ஒன்றைக் கழற்றிக் கொடு என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் ஹீட்டரைக் கழற்றிக் கொடுத்துவிடுவேன். ஏன் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். இவை இரண்டுக்கும் முன்னால் 1,400 ரூபாய்க்கு வாங்கிய ‘வாட்டர்ப்ரூஃப்’ கையுறை ஒன்றும் உண்டு. அது இப்போது தோட்டத்தில் முள்செடி பிடுங்கப் பயன்படுகிறது.

வண்டி 2015 ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. கார்புரேட்டர், கிக்கர், செல்ஃப் எல்லாம் உள்ள பழைய மாடல். தினசரி ஓட்டம் ஊட்டி காந்தளிலிருந்து முத்தொரை பாலாடா, இத்தலார் வழியாக எமரால்டு வரை, போக வர நாற்பது கிலோமீட்டர் சொச்சம். எமரால்டுப் பக்கம் குத்தகைக்கு எடுத்த கேரட் தோட்டம். அறுவடை என்றால் விடிவதற்கு முன்பே அங்கே இருந்தாக வேண்டும். கழுவி மூட்டை கட்டி லாரி ஏற்றினால்தான் மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்துக்குப் போய்ச் சேரும். ‘வெயில் வந்த பிறகு கிளம்பலாமே’ என்று யோசனை சொல்கிறவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில் அதிகாலை 2, 3 டிகிரி சாதாரணம். தலைகுந்தா, காந்தள் மாதிரிப் பள்ளங்களில் பூஜ்ஜியத்தைத் தொட்டுக் கீழேயும் இறங்கும். லடாக் போய் வந்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். ஆனால் 3 டிகிரியில் 45 கி.மீ. வேகத்தில் ஓட்டினால், திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 4 போலத் தெரியும். ஜெர்கின், உள்ளே ஸ்வெட்டர், குரங்கு குல்லா என்று உடம்பை மூடிவிடலாம். விரலை அப்படி மூட முடியாது. கிளட்ச்சும் பிரேக்கும் அதன் வேலை. பாலாடா இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எவ்வளவு அழுத்துகிறோம் என்றே விரலுக்குத் தெரியாமல் போகும். இந்த வேலையையெல்லாம் ஆரம்பிக்க அதுதான் காரணம்.

கையுறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தடிமனாக இருந்தது, வெதுவெதுப்பாகவும் இருந்தது, வீட்டுக்குள் மட்டும். தடிமன் கூடக் கூட லீவரைப் பிடிப்பது கஷ்டமாகிறது, ஹார்ன் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தட்டுப்படுவதில்லை. பனிமூட்டத்தில் ஊறிவிட்டால் அன்று முழுவதும் காய்வதுமில்லை. இங்கே பலரும் கம்பளிக் கையுறைக்கு மேல் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு ஓட்டுவார்கள். பார்க்க எப்படி இருந்தாலும், 1,400 ரூபாய்க் கையுறையைவிட அதுவே மேல்.

அடுத்தது ஹீட்டர் பேட். ஆன்லைனில் 1,150 ரூபாய். மெல்லிய பட்டையாக இரண்டு பேட்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஒயர்கள். கூடவே சுமாரான ஒரு சுவிட்ச். அதைத் தொடவே இல்லை. முதலில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பேடும் 8 ஓம் பக்கம் காட்டியது. வண்டி ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், இரண்டையும் பக்க இணைப்பில் கொடுக்கும்போது சுமார் 3.45 ஆம்ப், ஏறக்குறைய 48 வாட். ஹெட்லைட்டின் டிம் பல்பே 55 வாட்தான். அதாவது இன்னொரு ஹெட்லைட் மாட்டுவதற்குச் சமமான சுமை. இந்தக் கணக்கைப் போடாமல் மாட்டுகிறவர்கள்தான் ஜனவரியில் பேட்டரியைக் கையில் தூக்கிக்கொண்டு கடைக்கு நடக்கிறார்கள்.

அதே இரண்டு பேட்களையும் தொடராக, ஒன்றன் பின் ஒன்றாக இணைத்தால் 0.86 ஆம்ப், 12 வாட். சரியாக நான்கில் ஒரு பங்கு. அதனால் இரட்டை வழி டாகிள் சுவிட்ச், நடுவில் ‘ஆஃப்’ உள்ள ஆறு கால் வகை, ஒன்று வாங்கினேன். மேலே தள்ளினால் பக்க இணைப்பு, கீழே தள்ளினால் தொடர் இணைப்பு. சூட்டைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் எதுவும் வேண்டாம், பனியில் நனைந்து கெட்டுப்போகப் பொருளும் இல்லை. சுவிட்ச்சும் அதன் ரப்பர் தொப்பியும் சேர்த்து 130 ரூபாய்.

மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து நேராக எடுக்கவில்லை. நாலு கால் ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) ஒன்று போட்டு, அதன் 30-ஆம் காலை 5 ஆம்ப் ஃபியூஸ் வழியாகப் பேட்டரி பாசிட்டிவுக்கும், 87-ஐ டாகிள் சுவிட்ச்சுக்கும், 86-ஐப் பின் விளக்கு ஒயருக்கும், 85-ஐ எர்த்துக்கும் கொடுத்தேன். இதில் லாபம் என்னவென்றால், சாவியைத் திருப்பிப் பார்க் லைட் எரிந்தால்தான் ஹீட்டருக்கு மின்சாரம் போகும். வண்டியை நிறுத்தும்போது யாராவது சுவிட்ச்சைத் தட்டிவிட்டாலும் ராத்திரி முழுக்க பேட்டரி கரையாது. ரிலேயும் பேஸும் 180, ஃபியூஸ் ஹோல்டர் 60, ஒயர் 90, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் 60. ஃபியூஸைப் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. என்னுடையது ஒரு சாணுக்குள் இருக்கிறது.

பழைய கிரிப்பைக் கழற்ற அதைக் கிழிக்க வேண்டியதில்லை. ஊசி சிரிஞ்சில் சோப்புத் தண்ணீர் எடுத்து, கிரிப்புக்கு அடியில் நான்கு பக்கமும் செலுத்தி முறுக்கினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கிரீஸ், ஆயில் பக்கம் போகாதீர்கள். திரும்ப மாட்டும்போது பிடிக்கவே பிடிக்காது. உள்ளே உள்ள பழைய பசையைத் துணியில் பெட்ரோல் தொட்டுத் துடைத்தேன்.

மாட்டும்போது இரண்டு சங்கதிகள் தெரியவந்தன. ஒன்று ஆக்சிலரேட்டர் பக்கம். ஒயரை மேல்பக்கமாக வெளியே கொண்டுவந்திருந்தேன். முறுக்கி விட்டால் கிரிப் முழுக்கத் திரும்பி வராமல் கடைசி ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. ஒயர் பிரேக் லீவரின் அடிக்கட்டையில் முட்டிக்கொண்டிருந்தது. கூர்வளைவில் இப்படி நின்றிருந்தால் நேராகத் தேயிலைக்குள்தான். கழற்றி, ஒயர் கீழ்ப்பக்கம் வரும்படி திருப்பி, தாராளமாக ஒரு வளையம் விட்டுக் கட்டினேன். ஹேண்டிலை இடக்கோடியிலும் வலக்கோடியிலும் வைத்து, இரண்டிலும் முறுக்கி விட்டால் ‘டப்’பென்று தானாகத் திரும்புகிறதா என்று பார்த்த பிறகுதான் வண்டியைக் கிளப்ப வேண்டும்.

இன்னொன்று இடது கை. ஓட்டிப் பார்த்தால் வலது கிரிப் நன்றாகச் சுடுகிறது, இடது கிரிப் பெயருக்குத்தான். பேட் கெட்டுப்போயிற்றோ என்று மல்டிமீட்டரை வைத்தால் இரண்டும் ஒரே அளவுதான். காரணம் எளிது. வலது பக்கம் பேடுக்கு அடியில் ஆக்சிலரேட்டர் சுற்றும் பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது. இடது பக்கம் நேராக ஹேண்டில்பாரின் இரும்பு; வருகிற சூட்டையெல்லாம் அது குடித்துவிடுகிறது. மறுபடி கழற்றி, ஹேண்டில்பாரின் மேல் ஹீட் ஷ்ரிங்க் ட்யூப்பை இரண்டு அடுக்காக ஏற்றி, அதற்கு மேல் பேடை ஒட்டினேன். ஹேண்டில்பார் 22 மி.மீ. தடிமன், அதன் மேல் இவ்வளவும் ஏறியதும் இடது கிரிப் உள்ளே போக மறுத்தது. கொதிக்கும் தண்ணீரில் அதைக் கொஞ்ச நேரம் போட்டெடுத்து, சூடு ஆறுவதற்குள் ஒரே தள்ளாகத் தள்ளினேன். இப்போது இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம்.

இனி அளவு. இன்ஜின் அணைந்திருக்கையில் பேட்டரி 12.6 வோல்ட். ஹெட்லைட், ஹீட்டர் எதுவும் இல்லாமல் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, 13.4, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் 14.1. ஹெட்லைட்டும் முழுச் சூடும் போட்டு ஐடிலிங்கில் விட்டால் 12.3, அதாவது பேட்டரியிலிருந்து மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது. ஹெட்லைட்டும் குறைந்த சூடும் என்றால் ஐடிலிங்கிலேயே 13.1. ஆகவே ஓடும்போது மட்டும் முழுச் சூடு. டீக்கடை வாசலில் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு நின்றால் குறைந்த சூடு, அல்லது ஆஃப்.

சரி, கை சூடாயிற்றா? உள்ளங்கை சூடாயிற்று. வெந்துவிடுமோ என்கிற அளவுக்கு. புறங்கையும் விரல் நுனிகளும் பழையபடி மரத்துப்போயின. அடுப்பில் பாதி வெந்து பாதி பச்சையாக இருக்கும் கிழங்கு மாதிரி. காற்று வந்து மோதுவது புறங்கையில், சூடு இருப்பது உள்ளங்கையில். 48 வாட்டைக் கொண்டுபோய்த் தப்பான பக்கத்தில் கொட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் ரெக்சின். லாரி சீட்டுக்குத் தைக்கும் அதே சரக்கு. மீட்டர் 280 ரூபாய், 6 மி.மீ. ஃபோம் 120 ரூபாய், உள் துணிக்குப் பழைய போர்வை. சீட் கவர் கடையில் பழைய செய்தித்தாளில் வெட்டிய மாதிரியைக் கொடுத்தேன். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இது என்ன, கோழி பிடிக்கிற பையா?”

“இல்லைண்ணா, பைக் ஹேண்டிலுக்கு. கையை உள்ளே விட்டு ஓட்டணும்.”

“விழுந்தா கையை எப்படி வெளியே எடுப்பே?”

அவர் கேட்டது சரியான கேள்வி. நான் வாய்ப்பக்கத்தை மணிக்கட்டோடு இறுக்கும்படி எலாஸ்டிக் வைத்து வரைந்திருந்தேன். அதை எடுத்துவிட்டு, வாயை 7 இஞ்ச் அகலத்துக்கு விரித்து, சும்மா மடித்துத் தைக்கச் சொன்னார். இழுத்தால் கை தடையில்லாமல் வெளியே வர வேண்டும். கொஞ்சம் காற்று வாய் வழியாக வரும், வரட்டும். கண்ணாடித் தண்டு வெளியே வருவதற்கு ஒரு கீறல், கிளட்ச், பிரேக் ஒயர்களுக்கு இன்னொன்று, இரண்டிலும் வெல்க்ரோ. தையல்கூலி 350.

தனி உறையாக மாட்டி ஓட்டிய அன்றே வித்தியாசம் தெரிந்தது. ஹீட்டர் போடாமலே விரல் விரலாக இருந்தது. ஆனால் எமரால்டு நேர்பாதையில் வேகம் எடுத்தபோது வண்டி இழுக்கவில்லை. இன்ஜின் சத்தம் கூடுகிறது, வேகம் கூடவில்லை. கிளட்ச் பிளேட் போய்விட்டது என்றே நினைத்தேன். திரும்பி வரும்போது பெட்ரோல் பங்கில் பின்னால் வந்த பையன்தான் சொன்னான்: “அண்ணா, உங்க பிரேக் லைட் அணையவே மாட்டேங்குது.” அப்போதுதான் புரிந்தது. எதிர்க்காற்று ரெக்சினைத் தள்ள, ரெக்சின் இரண்டு லீவரையும் தள்ளுகிறது. ஒரு பக்கம் கிளட்ச் பாதி அமுங்கி வழுக்குகிறது, மறு பக்கம் பிரேக் லைட் எரிகிறது, ஒருவேளை டிஸ்க்கும் லேசாக உரசிக்கொண்டிருந்திருக்கும். கடையில் விற்கிற மெல்லிய உறைகளிலும் இந்தத் தொல்லை வரலாம். வாங்குகிறவர்கள், வண்டி நிற்கும்போதே உறையை முன்னாலிருந்து உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்துவிடுங்கள். லீவர் அசைந்தால் அதற்குள்ளே ஒரு சட்டம் தேவை.

அந்தச் சட்டத்துக்குத்தான் பிவிசி. 4 இஞ்ச் குழாயின் துண்டு, ஒன்றரை அடி, ஹார்டுவேர் கடையில் மிச்சம் கிடந்தது, 80 ரூபாய். ஆக்சா பிளேடால் நீளவாக்கில் பிளந்து, காகிதத்தில் வரைந்த மாதிரிப்படி இரண்டு துண்டுகளாக வெட்டினேன். முதல் துண்டை கேஸ் அடுப்பில் காட்டி வளைக்கப் பார்த்தேன். ஓரம் கருகி, கண் எரிகிற புகை வந்தது. பிவிசி கருகினால் வருகிற புகை நுரையீரலுக்கு ஆகாது, வீட்டுக்குள் செய்யவே கூடாது. அந்தத் துண்டு குப்பைக்குப் போயிற்று.

இரண்டாவது முறை அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்தேன். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகத்தான் அது போதாது, பிவிசிக்குத் தாராளம். 80 டிகிரியைத் தாண்டினாலே தோல் மாதிரித் துவண்டுவிடுகிறது. இடுக்கியால் எடுத்து, ஒரு லிட்டர் பெயின்ட் டப்பாவின் மேல் வைத்து, தடித்த துணியால் அழுத்திப் பிடித்தால் அப்படியே உறைந்து நிற்கிறது. வளைவு பிடிக்கவில்லையென்றால் மறுபடி அண்டாவுக்குள் போட்டு எடுக்கலாம். ஹீட் கன் இரவல் கேட்டு அலைந்த நேரத்துக்கு இதை முன்பே செய்திருக்கலாம்.

உள்முனையைக் கண்ணாடித் தண்டின் திருகோடும், நடுப்பகுதியை ஹேண்டில்பாரில் 22 மி.மீ. கிளாம்ப்போடும் பிடித்தேன். கிளாம்ப், 6 மி.மீ. போல்ட், வாஷர், லாக் நட் எல்லாம் சேர்ந்து 180. லீவரை முழுக்க விட்டாலும் சட்டத்துக்கும் லீவர் நுனிக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருக்கும்படி வைத்தேன். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, சட்டம் டேங்கில் இடிக்கவில்லை என்று பார்த்தபின் ரெக்சினை அதன் மேல் போர்த்தி, நான்கு இடத்தில் துளையிட்டு கேபிள் டையால் கட்டினேன். இப்போது காற்று எவ்வளவு தள்ளினாலும் லீவர் அசைவதில்லை.

சமையலறைத் தெர்மாமீட்டரை உறைக்குள் ஒட்டிப் பார்த்த கணக்கு: வெளியே 4 டிகிரி இருக்கும்போது, சட்டமும் ரெக்சினும் மட்டும் இருந்தால் உள்ளே 10, 11. தொடர் இணைப்பில் வெறும் 12 வாட் சூடு சேர்ந்தால் 18 வரை ஏறுகிறது. மெல்லிய கம்பளிக் கையுறை போதும், சில நாள் அதுவும் வேண்டாம். முழுச் சூடு போட்டால் கை வியர்க்கிறது. சுவிட்ச்சின் மேல்பக்கம் இப்போது கிட்டத்தட்ட அனாவசியம். உறையை முதலில் தைத்திருந்தால் ஹீட்டரை வாங்கியே இருக்க மாட்டேன். வாங்கியிருந்தாலும் பாதி விலையில் சின்னதாக ஒன்றோடு நிறுத்தியிருப்பேன்.

உறையினால் ஒரு புது இடைஞ்சலும் உண்டு. இண்டிகேட்டர், ஹார்ன், டிம்-பிரைட் எல்லாம் கண்ணுக்கு மறைந்துவிடும். நின்ற வண்டியில் உட்கார்ந்து, பார்க்காமல் ஒவ்வொன்றையும் தடவிப் பழகிக்கொள்ள வேண்டும். குளிரில் கிளப்ப பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக் லீவரும் இடது பக்கம் உள்ளேயே மாட்டிக்கொண்டது.

சோக் என்றதும் காலையில் வண்டி கிளப்புவது ஞாபகம் வருகிறது. பனி மேலிருந்து விழுகிறது என்று நாம் சொன்னாலும், திறந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொருள்தான் சூட்டை இழந்து வெள்ளை பூக்கிறது. ஷெட் எல்லாம் தேவையில்லை. நாலு கம்பில் ஒரு தார்ப்பாய் கட்டியதிலேயே சீட்டில் பனி பிடிப்பது நின்றது. அது வீட்டில் கிடந்த தார்ப்பாய், செலவில்லை.

15W-50 இன்ஜின் ஆயில் இந்தக் குளிரில் இறுகிக் கிடக்கும், பேட்டரியின் தெம்பும் குறைந்திருக்கும். எடுத்த எடுப்பில் செல்ஃபை அழுத்துவதை விட்டுவிட்டேன். சாவி போடாமல், கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு நாலைந்து மிதி; ஆயிலில் ஒட்டிக்கிடக்கும் கிளட்ச் பிளேட்கள் பிரிந்துவிடும். இல்லாவிட்டால் ஃபர்ஸ்ட் கியர் போட்டதும் வண்டி ‘டொக்’கென்று முன்னால் பாயும். அப்புறம் சாவி, முழு சோக், கிக்கர். கொஞ்சம் சூடானதும் சோக்கைப் பாதியாக்கி, சீரானதும் எடுத்துவிடுவது. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் கீழே சரி செய்த கார்புரேட்டர் இங்கே பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கும். பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு சின்னதாக மாற்றியாயிற்று. ஐடிலிங்கில் காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவையும் கால் சுற்று உள்ளே திருகிப் பார்த்தேன். மதியம் நன்றாக இருந்தது, காலையில் சோக் எடுத்ததும் அணைந்தது. பழைய இடத்துக்கே திருப்பிவிட்டேன். மதிய வெயிலில் டியூனிங் செய்துவிட்டு விடிகாலையில் குறை சொல்லக் கூடாது.

இனி ரோடு. பாதையில் தார் பிடித்த பகுதிதான் அதிகம், ஆனால் வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு மண் சரிந்து வழித்த இடங்களும், பள்ளத்தை ஜல்லி கொட்டி மூடிய இடங்களும், தோட்டத்துக்குள் இறங்கும் கடைசிச் செம்மண் பாதையும் உண்டு. ரப்பர் கட்டை கட்டையாகப் புடைத்திருக்கும் பட்டன் டயர் போடு என்று எல்லோரும் சொன்னார்கள். முழுப் பட்டன் டயர் சேற்றில் அருமைதான். ஆனால் என் ஓட்டத்தில் பெரும்பகுதி குளிர்ந்த, ஈரமான தார். அங்கே ரோட்டைத் தொடும் ரப்பர் குறைவாக இருப்பது நல்லதல்ல. அதனால் முன்னால் சாலை டயரையே விட்டுவிட்டு, பின்னால் மட்டும் 110/90-18-இல் பாதி பட்டன் மாதிரி உள்ளதைப் போட்டேன். டயர், ட்யூப், மாட்டும் கூலி சேர்த்து 3,500 ரூபாய். செம்மண் ஏற்றத்தில் பின்சக்கரம் சும்மா சுற்றுவது நின்றுவிட்டது. ஜல்லியில் முன்சக்கரம் இன்னும் அலைபாய்கிறது; அதற்கு வேகத்தைக் குறைப்பதும் கை இறுக்கத்தைத் தளர்த்துவதும்தான் வழி.

காற்றழுத்தத்தில் ஒரு வேடிக்கை. மேட்டுப்பாளையத்தில் 30 டிகிரியில் 28 பிஎஸ்ஐ பிடித்துவிட்டு ஊட்டி வந்தால், 3 டிகிரிக் குளிரில் நாலு பிஎஸ்ஐ போல இறங்கும். அதே சமயம் இங்கே வெளிக்காற்றின் அழுத்தமே மூன்று பிஎஸ்ஐ போலக் குறைவு என்பதால் மீட்டர் அந்த அளவுக்குக் கூட்டிக் காட்டும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டு 27-இல் நிற்கும். ஆனால் இங்கேயே மத்தியான வெயிலில் பிடித்த காற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது, விடிகாலையில் இரண்டு மூன்று குறைந்திருக்கும். ஆகவே நான் பார்ப்பது காலையில், வண்டியை எடுக்கும் முன், பாக்கெட் மீட்டரில். முன்னால் 22, பின்னால் 28. இதற்குக் கீழே இறக்கினால் பள்ளத்தில் ரிம் அடிவாங்குகிறது.

செம்மண் இன்னொரு வேலையும் வைத்தது. களிமண் முன் மட்கார்டுக்குள் அப்பி, டயரைப் பிடித்துக்கொள்ளும். மட்கார்டு தாங்கிக் கம்பிகளுக்கு அடியில் வாஷர்களை அடுக்கி 8 மி.மீ. உயர்த்தினேன். நீளமான போல்ட் தேவைப்பட்டது, கழன்றுவிடாமல் பிடிக்கும் த்ரெட் லாக் பசை போட்டு முடுக்கினேன். களிமண் இப்போதும் ஒட்டுகிறது, ஆனால் ஒரு குச்சியை விட்டு நெம்பினால் விழுந்துவிடுகிறது.

உறைபனி ரோட்டின் மேல் எங்கே இருக்கும் என்பதை ஓட்டி ஓட்டித்தான் தெரிந்துகொள்ள முடியும். மேட்டில் குளிர் குறைவு, பாலாடா போன்ற பள்ளத்தில் அதிகம். குளிர்ந்த காற்று கீழே இறங்கித் தேங்கிவிடுகிறது. புல்லும் கேரட் இலையும் வெள்ளையாக இருந்தாலும் தார் பெரும்பாலும் வெறும் ஈரமாகத்தான் இருக்கும். பயப்பட வேண்டியது ஊற்றுத் தண்ணீர் குறுக்கே கசியும் இடங்கள், சின்னப் பாலங்கள், கற்பூர மர (யூகலிப்டஸ்) நிழல் விழும் வளைவுகள். அங்கே கண்ணாடித் தகடு போல் மெல்லிய பனிக்கட்டி இருந்தால் பார்வைக்கு ஈரத்தார் மாதிரியேதான் தெரியும். கற்பூர இலை குவிந்து நனைந்த இடமும் அதற்குக் குறைந்ததில்லை. அங்கெல்லாம் பிரேக், கிளட்ச், சாய்ப்பு எதுவும் கிடையாது. முன்கூட்டியே வேகத்தை இறக்கி, இரண்டாவது கியரில், நேராகக் கடப்பது. முதல் கியர் வேண்டாம், ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்சக்கரத்தை வெடுக்கென்று பிடிக்கிறது. பனிமூட்டத்தில் காட்டெருமை நிற்பதற்கு டியூனிங் எதுவும் இல்லை, 30-க்கு மேல் போகாமல் இருப்பதுதான்.

ஹெல்மெட் கண்ணாடி மங்குவதற்கு ஷேவிங் ஃபோமை உள்பக்கம் தடவித் துடைப்பதை முயன்றேன். ஒரு ஓட்டத்துக்குத் தாங்குகிறது. பாத்திரம் கழுவும் சோப்பும் அப்படித்தான், ஆனால் எதிரே வரும் லாரி விளக்கு சிலந்தி வலை மாதிரிச் சிதறுகிறது. கடைசியில் நிலைத்தது, பழைய ரெயின்கோட்டிலிருந்து வெட்டி மூக்குக்கு மேல் வருமாறு ஹெல்மெட்டுக்குள் தைத்த ஒரு நாக்கு. மூச்சு கீழே போய்விடுகிறது. கண்ணாடியை ஒரு பல் திறந்தே வைத்துக்கொள்கிறேன்.

அடுத்த சீசனுக்கு முன் மாற்ற வேண்டியவை இருக்கின்றன. ரெக்சின் உறைக்குள் மழைத் தண்ணீர் தேங்குகிறது. அடியில் இரண்டு ஐலெட் (துளைக்குப் போடும் உலோக வளையம்) அடித்து வடிகால் வைக்க வேண்டும். போர்வைத் துணியை எடுத்துவிட்டு, சீக்கிரம் காயும் துணியாக மாற்ற வேண்டும். சோக் லீவர் இருக்கும் இடத்தில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டித் தரச் சொல்லி சீட் கவர் அண்ணனிடம் கேட்டேன். இப்போது ஜீப்புகளுக்கு சீட் தைக்கும் வேலை குவிந்திருக்கிறதாம், மே மாதக் கூட்டம் முடிந்த பிறகு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.